மூத்தாளைத் தடை செய்த சுற்றறிக்கை

ஒரு தாளை அறிவிப்புப் பலகையில் நிறுத்த நான்கு குண்டூசி போதும். அன்று குத்தியிருந்தவை ஒன்பது. காற்றுக்காகக் குத்தியவை நான்கு, வால்வுக்காரருக்காகக் குத்தியவை ஐந்து என்று குடிநீர் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வால்வுக்காரர் அதை மூன்று தரம் படித்தார். முதல் தரம் கண்ணாடி போடாமல் படித்தார். அதிலேயே கோபம் வந்துவிட்டது. இரண்டாம் தரம் கண்ணாடி போட்டுப் படித்தபோது கோபத்துக்குக் காரணமும் கிடைத்தது. மூன்றாம் தரம் எழுத்துப் பிழையாவது இருக்கிறதா என்று தேடினார். ஒன்றுகூட இல்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

உறைபனி விழத் தொடங்கிய நாளிலிருந்து குளிர்காலம் முடியும்வரை ஊழியர் எவரும் இருசக்கர வாகனத்தில் வளாகத்துக்குள் வரக் கூடாது. கார் வைத்திருக்கும் ஊழியரோடு சேர்ந்து வரலாம் என்று எழுதி, கீழே புது அதிகாரி அம்மாள் கையெழுத்துப் போட்டிருந்தார்.

'ஊழியர் எவரும்' என்று பொதுவாகப் போட்டிருந்தாலும் அது ஒரே உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மற்றவர்கள் முதல் மூடுபனியைக் கண்டதுமே வண்டிக்கு உறை மாட்டிவிட்டு பஸ்ஸுக்கு மாறிவிடுகிறவர்கள். போன குளிர்காலத்தில் கேட்டு வாசலில் ஸ்கூட்டரோடு சறுக்கிக் காறை எலும்பை உடைத்துக்கொண்ட இரண்டாம் கிளார்க்கு, இப்போது சைக்கிளைப் பார்த்தாலே தோளைப் பிடித்துக்கொள்கிறார். குளிர்காலம் பூராவும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் வால்வுக்காரர் ஒருவர்தான். இருபத்திரண்டு குளிர்காலம், ஒரே வண்டி. குன்றின் மேல் இருக்கும் தொட்டிக்குப் போய், காலை ஆறு மணிக்கு அவர் வால்வைத் திருகினால்தான் மேல் ஊர்க் குழாய்களில் தண்ணீர் வரும். ஒரு நாளும் தாமதம் இல்லை. ஒரு நாளும் விழுந்ததில்லை. இரண்டு முறை விழுந்திருக்கிறார்தான், ஆனால் அந்த இரண்டு முறையும் வண்டி நின்றுகொண்டிருந்தது. அது எப்படிக் கணக்கில் வரும்?

குளிர் என்றால் அவர் பார்க்காத குளிரா? ஒரு வருஷம் சைலன்ஸர் புகை வெளியே வந்ததும் கெட்டியாகி, அவர் வீட்டு வாசலிலிருந்து குன்றின் உச்சிவரை கயிறு கட்டினாற்போல நின்றுவிட்டது. தெருவில் இருந்தவர்கள் மத்தியானம்வரை அதில் துணி காயப்போட்டார்கள். சட்டையில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று இரண்டு வீட்டில் குறைசொன்னார்களே தவிர, கயிறு நன்றாகத் தாங்கியது. இன்னொரு வருஷம், வழியில் பால்காரரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அவர் முகத்திலேயே உறைந்துபோனது. காலை ஐந்தே முக்காலுக்குச் சிரித்தது, பதினோரு மணிக்குத்தான் இளகியது. நடுவில் பத்து மணிக்கு, காலமான பழைய அதிகாரிக்கு இரங்கல் கூட்டம். முன்வரிசையில் நின்று அத்தனை பல்லும் தெரிய அவர் அஞ்சலி செலுத்தியதற்கு விளக்கம் கேட்டு வந்த மெமோ இன்றும் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அப்போதுகூட யாரும் வண்டியைத் தடை செய்யவில்லை.

வீட்டில் அந்த வண்டிக்குப் பெயர் மூத்தாள். கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே வந்துவிட்டதால் அவர் மனைவி வைத்த பெயர். தன்னை அவள் இளையாள் என்று சொல்லிக்கொள்வாள். பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால், "மூத்தா சாப்பிட்டாளா?" என்று கேட்பாள். குளிர்காலத்தில் அவர் சாயங்காலம் சக்கரங்களில் ஒட்டிய சாலை உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவும்போது, "எனக்கு இப்படி ஒரு நாளாவது கால் கழுவி விட்டிருக்கீங்களா?" என்பாள். கழுவியதும் அவர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்து வந்து, கம்பளியில் சுற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார். வெளியே விட்டால் குளிரில் விறைத்து, காலையில் செத்த மாதிரி கிடக்கும். வீட்டில் இருந்த நல்ல கம்பளி இரண்டு. ஒன்று பேட்டரிக்கு. மற்றொன்றில் இவர்கள் இருவரும். இருபது குளிர்காலத்தில் மனைவிக்கு முப்பது தரம் ஜலதோஷம் பிடித்திருக்கிறது. பேட்டரிக்கு ஒரு தரம்கூட இல்லை.

அப்படிப்பட்ட வண்டியை நிறுத்திவிட்டு, இனிமேல் அவர் மச்சினனின் காரில் போக வேண்டும்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி, அதே அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர். கார் வாங்கி மூன்று வருஷம் ஆகியும் சீட்டில் கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றாதவர். சுற்றறிக்கை வந்த மறுநாளே வாசலில் வந்து ஹாரன் அடித்தார். மாமாவுக்குப் பின் சீட்டு. முன் சீட்டில் காரின் கம்பளி உறை மடித்து வைத்திருந்தது. அதற்கு சீட் பெல்ட்டும் போட்டிருந்தது. ஷூவை வெளியே தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஏறியதும் மச்சினன் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"மாமா, கதவைக் கொஞ்சம் பாத்து சாத்துங்க. அதுவும் உயிருதான்."

குன்று வரை ஹீட்டரைப் பற்றிப் பேசினார். ஹீட்டரில் மூன்று நிலை இருக்கிறதாம். மூன்றாவதை இதுவரை யாரும் தாங்கியதில்லையாம். மாமா இத்தனை வருஷம் குளிரில் வந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டது தெரிந்து தன் நெஞ்சு வலித்ததாகவும் சொன்னார். வால்வுக்காரர் பிளாஸ்டிக் உறைமேல் வழுக்கி வழுக்கி உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே தெரியும். அவமானத்தில் மோசமானது, பின் சீட்டு கதகதப்பாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் கார்க் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அது தானாக உருகும்வரை சுரண்டக் கூடாது, கீறல் விழும் என்று மச்சினன் காத்திருந்தார். வால்வைத் திருகும்போது மணி ஆறே முக்கால். அதற்குள் மேல் ஊரிலிருந்து பதினேழு போன். முகத்தில் சோப்போடு நின்று பேசியவர்கள் மட்டும் நான்கு பேர். அவர்கள் அத்தனை பேரும் வால்வுக்காரரைத்தான் திட்டினார்கள். காரை ஒருவர்கூடத் திட்டவில்லை.

அன்றைக்கே அவர் அதிகாரி அறைக்குள் போனார். கையில் நான்கு பக்க மனு. இருபத்திரண்டு குளிர்காலத்தையும் வருஷவாரியாக எழுதியிருந்தார். புகைக் கயிறும் அதில் இருந்தது.

அதிகாரி அம்மாள் ஒரு வரி விடாமல் படித்தார். புகைக் கயிறு வந்த இடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். போன குளிர்காலத்தில் தான் இங்கே பொறுப்பேற்க வந்த நாளில் இரண்டாம் கிளார்க்கைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியதே தான்தான் என்றார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருப்பதாகவும், தன் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவர் விழுந்து சாவதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்தாதவர்களிடம் கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்று வால்வுக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. இருந்தாலும் பட்டார்.

"நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன் மேடம். தண்ணி நேரத்துக்குப் போகணுமா வேண்டாமா?"

"போகணும். நீங்க விழாமலும் போகணும்."

"விழமாட்டேன்."

"நிரூபிங்க."

திங்கட்கிழமை இந்த வருஷத்திலேயே கடுங்குளிர் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. அன்று காலை ஆறு மணிக்குத் தானே கேட்டில் வந்து நிற்பதாக அதிகாரி சொன்னார். வண்டி குன்று ஏறி, சறுக்காமல், கேட்டுக்குள் இருக்கும் வெள்ளைக் கோட்டுக் கட்டத்தில் வந்து நிற்க வேண்டும். வேறு எந்த இடத்தில் நின்றாலும் 'வண்டி நின்றுவிட்டது' என்றுதான் எழுதுவார். கட்டத்தில் நின்றால் சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்ப்பார், வால்வுக்காரர் நீங்கலாக என்று. நிற்காவிட்டால் வசந்தம் வரும்வரை மச்சினன் கார். வாயைத் திறக்காமல், மனு எழுதாமல்.

அறையைவிட்டு வரும்போது வால்வுக்காரர் காதில் கிளம்புவதும் ஏறுவதும்தான் ஒலித்துக்கொண்டிருந்தன. நிற்பது ஒரு விஷயமாகவே அவருக்குப் படவில்லை. நிற்பதற்கு என்ன இருக்கிறது, கட்டில்கூட நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் வேலை தொடங்கியது. மெக்கானிக்கையும் வரவழைத்திருந்தார். அந்த மெக்கானிக்குக்கு ஊரில் பெயர் 'நாளைக்கு'. எந்த வண்டியைக் கொடுத்தாலும் அதைத்தான் சொல்வார். தன் குழந்தை எப்போது பிறக்கும் என்று டாக்டர் கேட்டதற்கும் அதையே சொன்னாராம், குழந்தையும் மறுநாள்தான் பிறந்ததாம். அப்பேர்ப்பட்டவர் சுற்றறிக்கை விஷயம் கேட்டதும் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே வந்துவிட்டார்.

"குளிர்காலத்துல ஓட்டக்கூடாதுன்னா குளிர்காலத்துல நாங்க என்னத்தைப் பண்றது?" என்றார். அவருக்கும் கோபம்தான்.

பழைய ஆயிலை வடித்தார்கள்; அது தேன் மாதிரி, விழ மனசில்லாமல் விழுந்தது. குளிரில் இறுகாத இளம் ஆயில் ஊற்றினார்கள். பிளக்கைக் கழற்றி அடுப்பில் காயவைத்துச் சுரண்டினார்கள். சோக் கம்பியை இழுத்துப் பார்த்தார்கள். பின் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தார்கள், ஏற்றத்தில் பிடி கிடைக்கும் என்று. கிளம்ப வேண்டியதற்கு எல்லாம் செய்தார்கள், ஏற வேண்டியதற்கு எல்லாம் செய்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் இதே 'நாளைக்கு' மெக்கானிக் இன்னொரு வண்டியிலிருந்து எடுத்து முன் சக்கரத்தில் மாட்டிய டிஸ்க் பிரேக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பனி படிந்த சாலையில் முன் பிரேக்கை வால்வுக்காரர் தொடுவதில்லை. கியரைக் குறைத்தும் காலால் பின் பிரேக்கை லேசாக மிதித்துமே காலத்தை ஓட்டியவர்.

மனைவி கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தத் தம்பியின் காரில் புருஷன் பின் சீட்டில் குறுகி உட்கார்ந்து போனதை இரண்டு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தவள். கார்க் கம்பளி உறைக்கு சீட் பெல்ட் போட்டிருந்ததையும் பார்த்தவள்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். இருபது வருஷத்தில் மூத்தாள் விஷயத்தில் அவள் இப்படிக் கேட்பது முதல் தரம்.

வால்வுக்காரர் பிளக்கிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "அந்தக் கிரீஸ் டப்பாவை எடு. வெளியில மின்னுற இரும்பு எதுவா இருந்தாலும் ஒரு பூச்சு பூசி விடு. உப்புப் பனி ஏறக்கூடாது."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

திங்கட்கிழமைக் காலையின் குளிரை எப்படிச் சொல்வது? வாசலில் தண்ணீர் ஊற்றினால் தரையில் விழும்போது டங் என்றது. தெரு விளக்கின் வெளிச்சம் பாதி வழியிலேயே நின்று, கீழே இறங்க யோசித்தது. வால்வுக்காரர் இரண்டு ஸ்வெட்டர், ஒரு ரெயின்கோட், நெஞ்சுக்குள் நான்கு மடிப்புச் செய்தித்தாள் என்று கட்டிக்கொண்டு, பேட்டரியைக் கம்பளியிலிருந்து எடுத்து மாட்டினார். சோக்கை இழுத்தார். கிக்கரில் காலை வைத்தார்.

ஒரே உதை. மூத்தாள் இருமாமல், செருமாமல், எழுந்துவிட்டாள்.

மனைவி வாசற்படியிலிருந்து சொன்னாள்: "போய் அந்த அம்மா மூஞ்சியில கரி பூசிட்டு வாங்க."

தெருக்கள் காலி. சாலையில் உப்புத் தூவிய இடம் கறுப்பாகவும் தூவாத இடம் கண்ணாடியாகவும் இருந்தன. அவர் கறுப்பைப் பார்த்தே ஓட்டினார். மச்சினன் வீட்டைக் கடக்கும்போது கார் வாசலில் நின்றிருந்தது. உள்ளே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. குன்று ஏற்றத்தில் மூத்தாள் இரண்டாம் கியரில், இளம் ஆயிலின் தெம்பில், புகார் சொல்லாமல் ஏறினாள். ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது கேட்டு தெரிந்தது. கேட்டருகே அதிகாரி அம்மாள், தலை முழுக்க மப்ளர், கையில் கடிகாரம். பக்கத்தில் வாட்ச்மேன். வால்வுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். உள்ளே செய்தித்தாள் முறுக்கியது.

கேட்டைத் தாண்டியதும் பாதை சற்று இறங்கும். அந்த இறக்கத்தில்தான் வெள்ளைக் கோட்டுக் கட்டம். அங்கிருந்து தொட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனால் ஏற்றம். சுற்றி முடித்தால் மறுபடியும் கேட்டு. கட்டத்துக்குப் பத்தடி முன்னால் அவர் பின் பிரேக்கை மிதித்தார். வண்டியின் வால் விலகி, அதிகாரியின் ஷூவை நோக்கிப் போனது. சட்டென்று காலை எடுத்துவிட்டார். விழுந்தால் எல்லாம் போச்சு. சரி, இந்த ஒரு தரம் தொட்டால் என்ன என்று முன் பிரேக்கைப் பிடித்தார்.

லிவர் வந்தது. வண்டி நிற்கவில்லை. வெண்ணெய்க் கட்டியைக் கத்தியால் பிடித்து நிறுத்தப் பார்த்த மாதிரி, மூத்தாள் கட்டத்துக்குள் நுழைந்து, கட்டத்தைப் பார்த்துவிட்டு, கட்டத்திலிருந்து வெளியே போனாள்.

"எங்க போறீங்க?" என்றார் அதிகாரி.

"வால்வு தொறக்க, மேடம். மணி ஆறு," என்றார் வால்வுக்காரர், முகத்தை மாற்றாமல்.

உண்மையும் அதுதான். மேல் ஊர் வால்வின் சக்கரம் பின்பக்க ஏற்றத்தில் பாதையோரமாக இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் வண்டி நடை வேகத்துக்குக் குறைந்தது. நிறுத்திவிடலாம், ஆனால் கட்டத்தைத் தவிர வேறு எங்கே நின்றாலும் 'நின்றுவிட்டது'. அவர் இடது கையை நீட்டி வால்வுச் சக்கரத்தைப் பிடித்தார். மற்ற நாளில் கடப்பாரை போட்டுத் திருகும் வால்வு, வண்டியின் இழுப்பில் ஒரு சுற்று திரும்பிக் கொடுத்தது. கையை விட்டார். அவ்வளவு கோபத்திலும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இருபத்திரண்டு வருஷம் ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே கோபம் வந்தது.

இரண்டாம் தரம் கட்டத்தைக் கடக்கும்போது அதிகாரி கேட்டார்: "தொறந்தாச்சா?"

"கால்வாசி."

வாட்ச்மேன், இது ஏதோ பரீட்சையின் பகுதி என்று நினைத்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

மூன்றாம் சுற்றில், வால்வை இன்னொரு திருப்பு திருப்பிவிட்டு வரும்போது, முன் சக்கரத்திலிருந்து ஒரு வாடை வந்தது. காய்ந்த கிரீஸ் வாடை. வால்வுக்காரருக்கு அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுசாக நினைவுக்கு வந்தது. மின்னுற இரும்பு எதுவா இருந்தாலும். முன் பிரேக் கவ்விப் பிடிக்கிற தட்டு, அந்த டிஸ்க்கைவிட மின்னுகிற இரும்பு வண்டியில் எது? சொன்னது யார் வாய்? அவர் தன் வாயை மூடிக்கொண்டார். உள்ளே இருந்த கோபம் முழுக்க ஒரு விலாசத்தைத் தேடிப் புறப்பட்டு, வழியெல்லாம் விசாரித்து, அவர் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து நின்றது.

"முதல்ல நிறுத்துங்க," என்றார் அதிகாரி.

"அதுக்குத்தான் மேடம் வந்துகிட்டே இருக்கேன்."

நான்காம் சுற்றில் அதிகாரி கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிரேக் இல்லையா என்று கேட்டார். குரல் இப்போதும் உயரவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. இரண்டாம் கிளார்க்கின் எலும்புச் சத்தத்தைக் கேட்கிற முகம். அதைப் பார்த்ததும் வால்வுக்காரர், இந்த அம்மாள் தன்மேல் வஞ்சம் வைத்து எழுதவில்லை, பயந்து எழுதியிருக்கிறார் என்று முதல் தரமாக நினைத்தார். அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. லிவரை விடாமல் பிடித்துக்கொண்டே போனார். டிஸ்க்கிலிருந்து புகை வந்தது. கிரீஸ் உருகிச் சொட்டியது.

ஐந்தாம் சுற்றில் டிஸ்க் கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டுப் பிடித்தது. மூத்தாள் வெள்ளைக் கோட்டுக் கட்டத்தின் நடுவில், அளந்து வைத்தாற்போல நின்றாள். வால்வுக்காரர் ஸ்டாண்டைப் போட்டு இறங்கினார்.

அதிகாரி அம்மாள் குனிந்து, டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தொட்டார். சூடு, கையை உதறினார். விரலில் கறுப்பு.

"கிரீஸ். பிரேக்குல. இது யார் வேலை?"

வால்வுக்காரர் வாட்ச்மேனைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். வீட்டில் பூசினார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபத்திரண்டு வருஷப் பெருமையும் தப்பித்துவிடும். ஐந்து சுற்றும் முகம் கோணாமல் சமாளித்தவருக்கு இது பெரிய காரியமே இல்லை.

"நான்தான் மேடம்."

"இருபத்திரண்டு வருஷ அனுபவத்துலயா?"

"ஆமா மேடம். இருபத்திரண்டு வருஷ அனுபவத்துல."

அதிகாரி விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். பிறகு அலுவலக ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினார். போன் அடிக்கவில்லை. ஆறே கால் ஆகியும் ஒரு போன்கூட இல்லை. மேல் ஊரில் ஆறு மணிக்குக் குழாய் திறந்தவர்களுக்குத் தண்ணீர் வந்திருந்தது. முதலில் நூலாக, பிறகு விரலாக, பிறகு கையாக, ஐந்து தவணையில் வந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், குறையாகச் சொல்லவில்லை.

"உங்க மச்சினன் எங்க?" என்றார் அதிகாரி.

மச்சினன் ஒன்பதரை மணிக்கு நடந்து வந்தார். நடந்தது இதுதான்: கார்க் கதவு நான்கும் பனியில் ஒட்டிக்கொண்டன. இழுத்தால் பெயிண்ட் போகும் என்று பயந்து, அவர் டிக்கியைத் திறந்து அது வழியாக உள்ளே தவழ்ந்து போனார். டிக்கி பின்னால் மூடிக்கொண்டது. சாவி டிக்கியின் பூட்டிலேயே வெளியே தொங்கியது. சாவி இல்லாமல் ஹீட்டர் ஓடாது. மூன்று நிலை ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, காருக்குப் போடுகிற கம்பளி உறையைத் தான் போர்த்திக்கொண்டு, அக்காவுக்கு போன் பண்ணினார். அக்கா கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றிக் கதவைத் திறந்தாள். அதற்கு முன்பு தேநீர் போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

மத்தியானம் சுற்றறிக்கையில் புது வரி ஏறியது. வால்வுக்காரர் போய்ப் படித்தார். முதலில் கண்ணாடி இல்லாமல். பிறகு கண்ணாடியோடு. 'வால்வுக்காரர் நீங்கலாக' என்று இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'ஆனால் தினமும் கேட்டுக்கு வெளியே முன் பிரேக்கைப் பிடித்து வாட்ச்மேனிடம் காட்டிய பிறகே உள்ளே விடப்படுவார்' என்றும் இருந்தது.

அவருக்கு ரத்தம் கொதித்தது. வாட்ச்மேனிடமா? சைக்கிள் செயின் கழன்றாலே தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிற வாட்ச்மேனிடமா? இருபத்திரண்டு குளிர்காலம் ஓட்டியவனை, பள்ளிக்கூடத்தில் நகம் காட்டச் சொல்கிற மாதிரி! அன்று சாயங்காலம் வீடு வரும்வரை, அதிகாரியிடம் சொல்ல வேண்டியதை ஒருமுறையும், மனைவியிடம் கேட்க வேண்டியதை இரண்டு முறையும் ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிரேக் எது, ஹேண்டில் எது என்று தெரியாதா? கேட்டுச் செய்யக் கூடாதா? ஆள் போயிருந்தால்?

மனைவி கதவைத் திறந்தாள். எவ்வளவு தேய்த்தும் போகாமல் அவள் நகக் கண்களில் இன்னும் கிரீஸ் கறுப்பு இருந்தது.

"மூத்தா மானத்தைக் காப்பாத்தினாளா?"

"காப்பாத்தினா," என்றார்.

"எனக்குத் தெரியும். ஒரு இடம் விடலையே நான். முன் சக்கரத்துல ஒரு வட்டத் தட்டு இருக்குல்ல, ஓட்டை ஓட்டையா? அதுக்கு ரெண்டு தரம் பூசினேன். அதுதான் ரொம்ப மினுக்குச்சு."

ஹெல்மெட்டுக்குள் இரண்டு முறை ஒத்திகை பார்த்தது அத்தனையும் தொண்டைவரை வந்தது. வால்வுக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இனிமே அந்தத் தட்டை மட்டும் நான் பாத்துக்கறேன்," என்றார்.

"ஏன்? நல்லா பூசலையா?"

"நல்லாத்தான் பூசியிருந்த. அதுக்குக் கூசுதாம்."

அவள் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற வண்டியின் முன் சக்கரத்தைப் பார்த்தாள். தட்டு வெளுத்து, சுத்தமாக, கீறலோடு இருந்தது. அவர் ரெயின்கோட்டின் இடது கை முழங்கைவரை துருவாக இருந்ததையும் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவர் வெந்நீர் ஊற்றிச் சக்கரத்தைக் கழுவி முடிப்பதற்குள் அவளே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் போய்ப் பார்த்தபோது அது தன் கம்பளிக்கு மேல் அவளுடைய சால்வையும் போர்த்திக்கொண்டு, கட்டிலில் அவர் படுக்கும் இடத்தில் படுத்திருந்தது.

"நான் எங்க படுக்கறது?" என்றார்.

"கார்ல பின் சீட்டு காலியாத்தான் இருக்கும்," என்றாள் மனைவி.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். குரலில் அப்படி ஒரு அதிகாரம்.

"பிடிங்கண்ணே, பாக்கலாம்."

வால்வுக்காரர் பிடித்தார். மூத்தாள் நின்றாள். வாட்ச்மேன் குனிந்து, தட்டை ஒரு விரலால் தொட்டு, விரலை விளக்கில் காட்டிப் பார்த்து, மூக்கில் வைத்து மோந்தும் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். வால்வுக்காரர் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார். ஆனால் வழி முழுக்க முறைத்துக்கொண்டே வந்த முறைப்பு முகத்தில் அப்படியே உறைந்திருந்ததால், உதடு அசையவில்லை. அது பதினோரு மணிக்குத்தான் இளகியது. அதற்குள் அவருக்காக மூன்று பேர் வழிவிட்டார்கள், இரண்டாம் கிளார்க்கு எழுந்து நின்றார், மச்சினன் கேட்காமலே மன்னிப்புக் கேட்டார்.